சுண்டெலி இதயத்தை வெட்டாமல் உள்ளே பார்ப்பது எப்படி

"அக்கா, இதை எத்தனை மைக்ரானில் எடுக்கலாம்?"

மைக்ரோ சிடி என்பது சின்னப் பொருட்களை எக்ஸ்ரேயால் முப்பரிமாணத்தில் படமெடுக்கும் கருவி; எவ்வளவு நுணுக்கமாக எடுக்கிறோம் என்பதை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொல்வோம். கையில் ஒரு குப்பியோடு எங்கள் மைக்ரோ சிடி அறைக்குள் வரும் ஆராய்ச்சி மாணவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நான் பதில் சொல்வதில்லை. "அயோடினில் எத்தனை நாள் கிடந்தது?" என்று திருப்பிக் கேட்பேன். அந்தக் கேள்விக்கு முழிக்கிறவர்களை உட்கார வைத்துச் சொல்வதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். எக்ஸ்ரே கருவியை ஓட்டுவது இரண்டு மணி நேர வேலை. படம் நன்றாக வருமா வராதா என்பது அதற்கு முந்தைய ஒரு வாரத்திலேயே முடிவாகிவிடும்.

உதாரணத்துக்கு, வளர்ந்த சுண்டெலியின் இதயம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம். அதன் அறைகள், வால்வுகள், தசைநார்களின் போக்கு எல்லாவற்றையும் முப்பரிமாணத்தில் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு அதே இதயத்தை மெழுகில் பதித்துச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைக்கவும் வேண்டும்.

எலும்பு என்றால் இவ்வளவு பாடு இல்லை. 1982இல் எலியட், டோவர் என்ற இரு ஆய்வாளர்கள் எக்ஸ்ரே மைக்ரோடோமோகிராஃபி (இன்றைய மைக்ரோ சிடி) என்ற பெயரில் முதன்முதலாக ஒரு பொருளைப் படம்பிடித்துக் காட்டியபோது அவர்கள் எடுத்தது ஒரு சின்ன நத்தை ஓடு. ஓட்டில் கால்சியம் இருக்கிறது, அது எக்ஸ்ரேயைத் தானாகவே தடுக்கும். இதயத் தசை அப்படியில்லை. அதைச் சுற்றியிருக்கும் தண்ணீரும் அதுவும் எக்ஸ்ரேயின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியே வைத்து எடுத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கொழுக்கட்டை தெரியும், அவ்வளவுதான். அதனால் திசுவுக்குள் கனமான அணு எதையாவது ஏற்ற வேண்டியிருக்கிறது. முதுகெலும்பிகளின் கருவிலிருந்து பூச்சிவரை பல உயிரிகளில் அயோடினும், டங்ஸ்டன் உள்ள பாஸ்போடங்ஸ்டிக் அமிலமும் எவ்வளவு எளிதாக வேலை செய்கின்றன என்று உயிரியலாளர் பிரையன் மெட்ஷர் 2009இல் எழுதிக் காட்டிய பிறகு, சாதாரண ஆய்வகங்களும் துணிந்து இதில் இறங்கின.

பதப்படுத்துதல்

இதயத்தை எடுத்தவுடன் அறைகளுக்குள் இருக்கும் ரத்தத்தை பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக்) கரைசலால் கழுவி வெளியேற்றிவிடுங்கள். உறைந்த ரத்தம் அயோடினை ஆசையாகக் குடிக்கும். படத்தில் அறைக்குள் ஒரு வெள்ளைக் கட்டி உட்கார்ந்துகொண்டு பக்கத்திலிருக்கும் வால்வை மறைத்துவிடும். அப்புறம் 10 சதவீத நடுநிலை ஃபார்மலின், திசுவின் அளவைப்போல் இருபது மடங்கு, ஒன்று முதல் இரண்டு நாள். ஃபார்மலின் வேலை எல்லாம் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்குள் (ஃபியூம் ஹூட்), கையுறையோடு. இதில் சொல்ல வேறொன்றும் இல்லை. பிபிஎஸ்ஸில் பலமுறை கழுவிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

டிஎன்ஏ, ஆர்என்ஏ ஏதாவது எடுக்கும் எண்ணம் இருந்தால் மட்டும், ஃபார்மலினில் போடும் முன்பே ஒரு துணுக்கைத் தனியாக உறைய வைத்துவிடுங்கள். பிறகு நினைத்தால் வராது.

அயோடின்

அயோடினும் பொட்டாசியம் அயோடைடும் கலந்த கரைசலுக்கு லூகால் என்று பெயர். குறிப்பேட்டில் "லூகால் 5%" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒருவர் அயோடினின் எடையை மட்டும் கணக்கிட்டுச் சதவீதம் சொல்வார், இன்னொருவர் பொட்டாசியம் அயோடைடையும் சேர்த்துச் சொல்வார். ஒரே எண், மூன்று மடங்கு வித்தியாசம். கிராம் கணக்கில் எழுதுங்கள். நான் வழக்கமாகச் செய்வது: 100 மில்லிலிட்டருக்கு 2.5 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 1.25 கிராம் அயோடின். முதலில் அயோடைடைக் கொஞ்சம் தண்ணீரில் கரைக்க வேண்டும். அந்தக் கெட்டியான கரைசலில்தான் அயோடின் துகள்களைப் போட வேண்டும். வெறும் தண்ணீரில் அயோடின் சரியாகக் கரையாது, அடியில் கருமணல்போல் கிடக்கும். அயோடைடோடு சேர்ந்தால்தான் டிரை அயோடைடாக மாறிக் கரையும். கரைந்த பிறகு அளவு வரை நிரப்பிக்கொள்ளுங்கள்.

நிரப்புவதற்கு வெறும் தண்ணீரை ஊற்றாமல் பாஸ்பேட் பஃபரை ஊற்றுவது என் வழக்கம். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், சீக்கிரம் முடியட்டும் என்று பஃபர் இல்லாத கெட்டிக் கரைசலில் ஒரு இதயத்தை ஒரு வாரம் போட்டுவைத்தேன். படம் பளிச்சென்று வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். சுவரின் தடிமனை அளந்தபோதுதான் தெரிந்தது, இதயமே காய்ந்த திராட்சைபோல் சுருங்கியிருந்தது. இடது கீழறையின் உட்பக்கம் ஒரு கோடாக ஒடுங்கிக் கிடந்தது. அந்த அளவுகளை வைத்து எதையும் சொல்ல முடியாது, குப்பையில்தான் போட்டோம். லூகால் கரைசல் நாளாக ஆக அமிலமாகிறது, அந்த அமிலம் திசுவைச் சுருக்குகிறது. பஃபர் அதைத் தடுத்துப் பிடிக்கிறது. முழுதாகச் சுருங்காமல் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் சாயம் ஏற்றும் முன் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் அளவுகோலோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறேன். எவ்வளவு சுருங்கியது என்று பின்னால் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

குப்பியை அலுமினியத் தாளால் சுற்றி, மெதுவாக ஆட்டும் தட்டில் வையுங்கள். இந்த அளவு இதயத்துக்கு இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். கரைசலின் கருஞ்சிவப்பு வெளுத்து தேநீர் நிறத்துக்கு வந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள். திசு அயோடினை உறிஞ்சித் தீர்த்துவிட்டது என்று அர்த்தம்.

சாயம் நடுவரை போய்ச் சேர்ந்ததா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வெளிப்புறம் முதல் மணி நேரத்திலேயே பழுப்பாகிவிடும். பத்து நிமிடத்தில் முடியும் ஒரு மட்டமான ஸ்கேன் போட்டுப் பாருங்கள். கீழறைச் சுவரின் நடுவில் கருப்புத் தீவு ஒன்று தெரிந்தால் இன்னும் வேகவில்லை, திரும்பக் கரைசலுக்குள் போக வேண்டியதுதான். இங்கே ஒரு குழப்பம் வரும். கீழே சொல்லப்போகிற பீம் ஹார்டனிங் கோளாறும் நடுப்பகுதியைக் கருப்பாக்கும். எனக்குத் தெரிந்த வித்தியாசம் இது: சாயம் போய்ச் சேராத இடத்துக்கு விளிம்பு இருக்கும், ஈரம் பரவிய சுவரில் தெரிகிற கோடு மாதிரி. பீம் ஹார்டனிங்கில் விளிம்பு கிடையாது, ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல மெல்ல இருட்டிக்கொண்டு போகும். சந்தேகம் தீரவில்லையா, இன்னும் ஒரு நாள் ஊறவிட்டு மறுபடி எடுங்கள். தீவு சிறுத்திருந்தால் அது சாயப் பிரச்சினை.

பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்தைப் பற்றி மாணவர்கள் கேட்பார்கள். கொலாஜன், நார்த்திசு எல்லாம் அதில் அருமையாகத் தெரியும். ஆனால் அயோடினோடு ஒப்பிட்டால் மூலக்கூறு மிகப் பெரியது, மூலக்கூறு எடையே 2,880ஐத் தொடும். ஆமைபோல்தான் உள்ளே போகும். இந்த இதயத்துக்கே வாரக்கணக்கில் ஆகலாம். ஏறிய பின் கழுவி எடுப்பதும் கஷ்டம். எலும்போடு இருக்கும் சாம்பிள் என்றால் அமிலம் கால்சியத்தையும் கரைத்துவிடும். சில மில்லிமீட்டர் அளவுள்ள கருவுக்கு நான் அதை எடுப்பேன், இதயத்துக்கு எடுக்க மாட்டேன்.

நகராமல் உட்கார வைப்பது

ஸ்கேனில் சாம்பிள் ஒரு முழு வட்டம் சுற்றும். அந்த நேரம் முழுக்க அது தன் இடத்தில் சில மைக்ரான்கூட அசையக் கூடாது. நம் கண்ணுக்கு ஆடாமல் இருப்பது வேறு, 6 மைக்ரான் வாக்சலுக்கு (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டம்) ஆடாமல் இருப்பது வேறு.

ஒருமுறை ராத்திரி ஓட்டிவிட்டுப் போன ஸ்கேனைக் காலையில் திறந்தால், பெருந்தமனி வால்வின் ஒவ்வொரு இதழும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கொண்டுவந்த பெண் ஒரு நிமிடம் மூச்சே விடவில்லை, பிறவிக் குறைபாடு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துவிட்டாள். நான் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். 0 டிகிரியும் 360 டிகிரியும் ஒரே கோணம், இரண்டும் அச்சாக ஒன்றியிருக்க வேண்டும். 11 பிக்சல் கீழே இறங்கியிருந்தது. குழாயை மேடையில் நிறுத்தி வைக்க நான் உபயோகித்தது களிமண். சிறுபிள்ளைகள் பொம்மை செய்வார்களே, அந்தக் களிமண். கருவிக்குள் இருக்கும் மிதமான சூட்டில் ராத்திரி முழுக்க அது மெல்ல மெல்ல அமுங்கியிருக்கிறது. அன்றிலிருந்து களிமண்ணுக்கு எங்கள் அறையில் இடமில்லை. சூடான பசைத் துப்பாக்கி, இல்லையென்றால் திருகி இறுக்கும் பிடிப்பான்.

குழாய்க்குள்ளே இதயத்தைப் பிடித்து வைக்க அகரோஸ் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்லி). பிபிஎஸ்ஸில் 1 சதவீதம் காய்ச்சி, விரல் வைத்தால் சூடு தாங்கும் அளவுக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் திசு வெந்துவிடும். ஊற்றும் முன் இதயத்தை டிஷ்யூ தாளில் லேசாக ஒற்றி எடுங்கள், அறைகளுக்குள் காற்று போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குமிழ் உள்ளே மாட்டிக்கொண்டால் அது ஸ்கேனின் பாதியில் இடம் மாறி மொத்தத்தையும் கெடுக்கும். இதயம் செங்குத்தாக நிற்க வேண்டும், ஆனால் நூல் பிடித்த மாதிரி நேராக அல்ல. கொஞ்சம் சாய்த்து வையுங்கள். கதிர்கள் கூம்பாக விரிந்து போவதால், படுகிடையான தட்டைப் பரப்புகள் மேலேயும் கீழேயும் மங்கிப்போகும். சாய்வு அதைக் குறைக்கும்.

குழாய் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கண்ணாடி வேண்டாம், அது எக்ஸ்ரேயை வீணாகக் குடிக்கும். எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு நல்லது. மூடியைச் சுற்றி பாராஃபிலிம் (இழுத்து ஒட்டும் மெழுகுத் தாள்) கட்டாயம். ஈரம் போனால் அகரோஸ் சுருங்கும், அகரோஸ் சுருங்கினால் இதயம் நகரும். அதோடு அயோடின் ஆவி உலோகத்தை அரிக்கும். திறந்த குப்பியை ஸ்கேனருக்குள் வைக்கிறவர்களை நான் மறுபடி உள்ளே விடுவதில்லை.

எல்லாம் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரம் ஸ்கேனர் அறையிலேயே சும்மா நிற்கட்டும். அறையின் சூட்டுக்கு வந்து, அமுங்க வேண்டியதெல்லாம் அமுங்கிவிடும். ரொம்ப நாள் விடவும் கூடாது, அயோடின் மெல்ல அகரோஸுக்குள் கசிந்து வெளிறிவிடும்.

கருவியின் எண்கள்

இப்போதுதான் அந்த மைக்ரான் கேள்விக்கு வருகிறேன். டிடெக்டரின் அகலம் 2000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குழாயின் அகலம் 12 மி.மீ. குழாய் முழுவதும் படத்துக்குள் அடங்க வேண்டும், அப்படியானால் 12 மி.மீ.யை 2000ஆல் வகுத்தால் 6 மைக்ரான். அதுதான் உங்கள் வாக்சல். விஷயம் அவ்வளவுதான். 3 மைக்ரான் வேண்டுமென்றால் சாம்பிள் பாதியாக வேண்டும், இல்லையென்றால் ஒரு பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். இன்னொன்று: 6 மைக்ரான் வாக்சல் என்றால் 6 மைக்ரான் பொருள் தெரியும் என்று அர்த்தமில்லை. ஒரு பொருளின் குறுக்கே மூன்று வாக்சலாவது விழுந்தால்தான் நான் அதை நம்புவேன்.

எக்ஸ்ரே கிளம்பும் புள்ளியின் அளவும் வாக்சலை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. வாட் கூடக் கூட அந்தப் புள்ளி ஊதிப்போகும். அவசரத்தில் கரண்ட்டை ஏற்றி வெளிச்சத்தைக் கூட்டினால் நேரம் மிச்சமாகும், கூர்மை போய்விடும். இந்த இதயத்துக்கு நான் வைப்பது 70 கிலோவோல்ட், 90 மைக்ரோஆம்ப், அதாவது 6.3 வாட், அதோடு 0.5 மி.மீ. அலுமினிய ஃபில்டர். அயோடின் 33.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே எக்ஸ்ரேயைத் திடீரென்று அதிகமாக விழுங்க ஆரம்பிக்கும். 70இல் வைத்தால் கதிர்களில் நல்ல பங்கு அந்த எல்லைக்கு இருபுறமும் பக்கத்திலேயே இருக்கும், வேறுபாடு நன்றாகக் கிடைக்கும்.

அலுமினியம் எதற்கு? எக்ஸ்ரே குழாயிலிருந்து வரும் கதிர்களில் பலவீனமானவையும் பலமானவையும் கலந்திருக்கும். பலவீனமானவை திசுவின் ஓரத்திலேயே செத்துவிடும். நடுவை அடைவது பலமானவை மட்டும். கணினிக்கு அது தெரியாது, "நடுவில் அடர்த்தி குறைவு போலிருக்கிறது" என்று கருப்பாகப் போட்டுவிடும். மேலே சொன்ன பீம் ஹார்டனிங் இதுதான். பலவீனமான கதிர்களை முன்கூட்டியே அலுமினியத்தில் தடுத்துவிட்டால் தொல்லை குறையும்.

எக்ஸ்ரே போட்டவுடன் நேரலைப் படத்தில் இதயத்தின் மிகத் தடித்த இடத்தைப் பாருங்கள். காற்றில் கிடைக்கும் வெளிச்சத்தில் குறைந்தது 10 சதவீதமாவது அங்கே ஊடுருவி வர வேண்டும், 20 என்றால் நிம்மதி. வரவில்லையென்றால் வோல்ட்டை ஏற்றுங்கள், அல்லது சாயம் அளவு மீறிவிட்டது என்று ஒப்புக்கொள்ளுங்கள். காற்றுப் பகுதி முழு வெள்ளையாக வெந்துபோகவும் கூடாது.

ப்ரொஜெக்‌ஷன் (ஒவ்வொரு கோணத்திலும் எடுக்கும் எக்ஸ்ரே படம்) எண்ணிக்கைக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: டிடெக்டர் அகலத்தின் ஒன்றரை மடங்கு. 2000க்கு 3000. ஒவ்வொன்றும் ஒரு விநாடி, இரண்டிரண்டாக எடுத்துச் சராசரி. ஆக 6000 விநாடி, ஒரு மணி நாற்பது நிமிடம். தொடங்கும் முன் எக்ஸ்ரே குழாயை அரை மணி நேரம் சூடாக்குங்கள், இல்லையென்றால் கதிர் கிளம்பும் புள்ளியே நகரும். சாம்பிள் இல்லாமல் வெளிச்சத்தோடு சில படங்கள், வெளிச்சம் இல்லாமல் சில படங்கள். இவற்றை எடுக்கச் சோம்பல் பட்டால், டிடெக்டரில் கெட்டுப்போன ஒவ்வொரு பிக்சலும் படத்தில் ஒரு வளையமாக வந்து நிற்கும்.

கணினியில்

இந்தப் படங்களையெல்லாம் சேர்த்து முப்பரிமாணமாக்கும் மென்பொருள் எதுவானாலும் உள்ளே பெரும்பாலும் ஓடுவது ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் மூவரும் 1984இல் கொடுத்த வழிமுறையும் அதன் வாரிசுகளும்தான். நீங்கள் கவனிக்க வேண்டியது சுழற்சி மையம். அது தப்பினால் கூர்மையான விளிம்புகள் எல்லாம் இரட்டையாகி மங்கும். தானியங்கிக் கணக்கை நம்பாமல், நடு ஸ்லைஸில் (குறுக்குவெட்டுப் படத்தில்) ஒரு கூர்மையான விளிம்பைப் பார்த்துக்கொண்டே அரை அரை பிக்சலாக நகர்த்திச் சரிசெய்யுங்கள். ஐந்து நிமிட வேலை.

வெளியீட்டின் கருப்பு வெள்ளை எல்லைகளை ஒரே ஆய்வின் எல்லா இதயங்களுக்கும் ஒன்றாகவே வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அழகு பார்த்து மாற்றினால் பிறகு ஒப்பிட முடியாது. 2000 × 2000 × 2000 வாக்சல், 16 பிட் என்றால் ஒரு இதயத்துக்கு 16 ஜிபி. பென்டிரைவோடு வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஃபிஜி என்ற மென்பொருளில் திறந்து இதயத்தின் நீளவாட்டு அச்சுக்குத் திருப்பிவிட்டு, 3டி ஸ்லைசர் என்ற இன்னொரு மென்பொருளில் அறைகளைப் பிரித்தெடுக்கலாம். கீழறைச் சுவரை வெளியிலிருந்து உள்ளே அடுக்கடுக்காக உரித்துக்கொண்டே போங்கள். தசைநார்கள் முதலில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், நடுவில் படுகிடையாகும், உள்ளே எதிர்ப்பக்கம் சாயும். கயிறு முறுக்கிய மாதிரி. இதை நூற்றுக்கணக்கில் பார்த்தாயிற்று, இன்னும் மவுஸை விட மனம் வருவதில்லை.

முழு மனித உறுப்பை இப்படிப் பார்க்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு: முடியும், ஆனால் இந்தக் கருவியில் அல்ல. பிரான்ஸின் கிரெனோபிளில் இருக்கும் ஐரோப்பிய சின்க்ரோட்ரான் (மிகப் பலமான எக்ஸ்ரேயை உண்டாக்கும் பெரிய வளையக் கருவி) மையமான ஈஎஸ்ஆர்எஃப்பில், 2021இல் வெளியான ஹிப்-சிடி முறையில், மூளை, நுரையீரல், இதயம் போன்றவற்றை முழுதாகவே எடுக்கிறார்கள். அயோடின் ஏற்றுவதில்லை. எக்ஸ்ரே அலை திசுவைக் கடக்கும்போது கொஞ்சம் பின்தங்குவதையே வேறுபாடாக மாற்றிக்கொள்கிறார்கள். அங்கேயும் உறுப்பை 70 சதவீத எத்தனாலில் வைத்து, குமிழ்களைப் பொறுமையாக வெளியேற்றி, அகரில் அசையாமல் நிறுத்துவதற்குத்தான் ஏகப்பட்ட பாடு.

திருப்பிக் கொடுப்பது

அகரோஸை ஸ்பாச்சுலாவால் உடைத்து இதயத்தை எடுத்து, 2 சதவீத சோடியம் தயோசல்ஃபேட்டில் போடுங்கள். பழுப்பு போய் வெளிறி வரும். ஒரு ராத்திரி போதும், போகவில்லையென்றால் கரைசலை மாற்றி இன்னொரு ராத்திரி. பிபிஎஸ்ஸில் கழுவி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றினால், அங்கிருந்து வழக்கமான மெழுகுப் பதிப்பு, ஹீமாடாக்சிலின்-இயோசின் சாயம் எல்லாம் செய்யலாம். எந்த ஸ்லைஸில் என்ன இருக்கிறது என்று ஸ்கேனில் ஏற்கெனவே பார்த்துவிட்டதால், எத்தனையாவது மைக்ரானில் கத்தியை நிறுத்த வேண்டும் என்று சீவுகிறவரிடம் எழுதியே கொடுத்துவிடலாம்.

குப்பிக்குள் ஒரு சின்னக் காகிதத் துண்டில் சாம்பிள் எண், ஸ்கேன் கோப்பின் பெயர், தேதி. மார்க்கரில் வேண்டாம், எத்தனால் பட்டால் மறுநாளே அழிந்துவிடும். பென்சிலால் எழுதுங்கள்.